இரண்டு லட்சம் பேருக்கு எத்தனை மருத்துவர்கள்?

காரைக்காலில் நெஞ்சுவலி வந்தால் வண்டி எந்தத் திசையில் போனாலும் சிறிது நேரத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிடும். வடக்கே பொறையார், தெற்கே நாகூர், மேற்கே பேரளம். காரைக்கால் சேர்ந்திருக்கும் ஒன்றியப் பகுதியின் தலைநகரான புதுச்சேரியோ ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இங்கே 1739இல் தொடங்கி 1954இல் முடிந்த பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற எல்லை இது. 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் மக்கள்தொகை 2,00,222. மருத்துவக் காப்பீட்டின் கணிதம் முழுவதையும் இந்த ஓர் எண்ணை வைத்தே சொல்லிவிடலாம்.

ஒரு நோய் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவருக்கு வருகிறது, அதற்குப் பெரிய செலவு பிடிக்கும் அறுவை சிகிச்சை தேவை என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேர் மட்டும் சேர்ந்து ஒரு நிதி வைத்தால் என்ன ஆகும்? நூறு ஆண்டுகளில் சுமார் 37 ஆண்டுகள் ஒருவருக்கும் நோய் வராது. பணம் அப்படியே கிடக்கும். ஆனால் சுமார் 8 ஆண்டுகளில் மூவருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ வந்து நிதியைத் துடைத்துவிடும். காரைக்கால் முழுவதும் சேர்ந்தால் சராசரி 200 நோயாளிகள். பெரும்பாலான ஆண்டுகளில் எண்ணிக்கை 172க்கும் 228க்கும் இடையில் நிற்கும். ஏழு கோடிப் பேர் உள்ள தமிழ்நாட்டின் அளவுக்குப் போனால் சராசரி 70,000. ஏற்ற இறக்கம் அதில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. எவருக்கு வரும் என்று எவராலும் சொல்ல முடியாத ஒன்று, கூட்டம் பெருகப் பெருக, எத்தனை பேருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லக்கூடியதாக மாறுகிறது. கணிதவியலாளர் ஜேகப் பெர்னூலி இதை நிறுவிய நூல் 1713இல், அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, வெளிவந்தது. எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

பணத்துக்கு மட்டுமல்ல, மருத்துவரின் கைக்கும் இதே கணக்குத்தான்.

எம்.பி.பி.எஸ். பயிற்சி ஆண்டோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். எம்.டி. அல்லது எம்.எஸ். மூன்று ஆண்டுகள். இதய, மூளை அறுவைக்கான எம்.சிஎச். இன்னும் மூன்று. நுழைவுத் தேர்வுகளுக்குக் காத்திருக்கும் காலம் போக, பதினொன்றரை ஆண்டுப் படிப்பு. அது முடிந்த பிறகும் கை பழக நோயாளிகள் வந்துகொண்டே இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஹரால்ட் லஃப்ட்டும் சக ஆய்வாளர்களும் 1979இல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ 1,500 மருத்துவமனைகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். திறந்த இதய அறுவை போன்ற சிக்கலான சிகிச்சைகளை ஆண்டுக்கு 200 அல்லது அதற்கு மேல் செய்த இடங்களில் இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய்க்கு, இரண்டு லட்சம் மக்களில் ஆண்டுக்கு 20 நோயாளிகள்தான் இருப்பார்கள். மாதத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை. அந்த ஒரு நோய்க்கென்றே ஒரு நிபுணரைக் காரைக்காலில் அமர்த்தினால், கையிலுள்ள திறமை வீணாகும். இது அந்த ஊரின் குறை அன்று. எந்தச் சிறு பகுதிக்கும் உரிய கணக்கு.

மருத்துவப் படிப்பிலோ இந்தப் பகுதி பின்தங்கியதில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்ததுதான் ஜிப்மர். 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964இல் இன்றைய பெயரைப் பெற்றது. 2016இல் காரைக்காலிலும் அதன் கிளையில் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. ஆனாலும் சில நோய்களுக்கு எல்லை தாண்டித்தான் ஆக வேண்டும். ஆகவே காப்பீடும் கூடவே தாண்டியாக வேண்டும்.

2018 செப்டம்பர் 23இல் தொடங்கிய, ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்ற தொகையைவிட, அதன் காப்பீட்டு அட்டை மாநில எல்லையில் செல்லாமல் போய்விடுவதில்லை என்பதுதான். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை இந்தியாவில் எங்கிருந்தாலும் அட்டையைக் காட்டலாம். தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறிய ஏற்பாடும் இதனோடு இணைந்திருக்கிறது. கட்டணம் சிகிச்சைக்கு இவ்வளவு என்று முன்பே வகுக்கப்பட்டது. அறுவை, படுக்கை, மருந்து, சேர்வதற்கு முந்தைய மூன்று நாள், வீடு திரும்பிய பின் பதினைந்து நாள், எல்லாம் அதற்குள் அடக்கம்.

அட்டை எங்கே செல்லும் என்பது திட்டத்தில் யார் சேர்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு மருத்துவரும் தனித்தனியே பதிவுசெய்து சேர்கிறார். இங்கே சேர்வது மருத்துவமனை, அதுவும் துறைவாரியாக. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு துறைக்குப் பதிவு பெற, அத்துறையில் உரிய பட்டம் பெற்ற மருத்துவர் இருந்தாக வேண்டும். சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்கும்போது மருத்துவரின் தகுதியும் பதிவு எண்ணும் உடன் போகின்றன. ஒரேயொரு நரம்பியல் அறுவை நிபுணர் வேலையை விட்டுப் போனால், கட்டடமும் ஸ்கேன் கருவியும் அப்படியே இருந்தாலும் அந்தத் துறையின் சிகிச்சை நின்றுபோகும். ஆகவே வண்டி ஏற்றும் முன், ‘அட்டை எடுப்பீர்களா?’ என்று பொதுவாகக் கேட்காமல், இந்த நோய்க்கு, இந்தத் துறையில், இப்போது எடுப்பீர்களா என்று கேட்பதே சரி. மருத்துவமனையில் ஆரோக்கிய மித்ரா எனப்படும் திட்ட உதவியாளரின் மேசையில் கேட்கலாம். திட்டத்தின் 14555 என்ற கட்டணமில்லா எண்ணிலும் விசாரிக்கலாம்.