இறுகும் தமனியும் ஏறும் அழுத்தமும்

இரத்த அழுத்தம் மிகுந்தவருக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை, பசி குன்றுவதில்லை, அன்றாட அலுவல்களும் தடைப்படுவதில்லை. பக்கவாதமோ மாரடைப்போ சிறுநீரகச் செயலிழப்போ நேர்ந்த பின்னரே, உடலுக்குள் பல்லாண்டுகளாக ஒரு சேதம் நடந்து வந்திருப்பது தெரியவருகிறது. நோயாளி முறையிடாத நோயைக் கண்டறிவது எவ்வாறு? முறையீடே இல்லாத மனிதரை நாள்தோறும் மருந்து உட்கொள்ளச் செய்வது எவ்வாறு? இத்துறையின் பெருங்கேள்விகள் இவ்விரண்டே. முதற்கேள்விக்கு விடை காண மருத்துவ உலகுக்குப் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. இரண்டாவது கேள்விக்கு விடை தேடும் முயற்சிகளுள் குறிப்பிடத்தக்க ஒன்று நமது மாநிலத்தின் கர்நாடக எல்லை மாவட்டத்தில் தொடங்கியது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதிப்பதும், நோயுள்ளோருக்கு மாத்திரைகளை வீட்டு வாசலிலேயே வழங்குவதும் அதன் உயிர்நாடி. இதே மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், தேன்கனிக்கோட்டை வட்டத்தில் இருக்கிறது தளி. குளிர்ந்த தட்பவெப்பத்தால் ஆங்கிலேயர் இதனைச் 'சின்ன இங்கிலாந்து' என்று அழைத்தனர். ராகிக் கொல்லைகளுக்கு நடுவே ரோஜாப் பசுமைக்குடில்கள் எழுந்துள்ள இவ்வட்டாரத்திலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கும் பெங்களூரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்கும் முறைப்பணிக்குச் செல்வோர் பலர். 'இரத்த அழுத்தம் பட்டணத்தார் நோய்' என்ற பழைய எண்ணம் இத்தகைய இடங்களில் பொருந்தாது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வு, இந்தியாவின் வயது வந்தோருள் 35.5 விழுக்காட்டினருக்கு மிகை இரத்த அழுத்தம் இருப்பதாகக் கூறுகிறது. மூவரில் ஒருவருக்கு மேல் என்பது இதன் பொருள்.

தமனி என்னும் மீள்தன்மைக் குழாய்

இதயம் இடையறாது ஊற்றும் அருவியன்று. விட்டு விட்டுத் துடிக்கும் எக்கி. ஆயினும் விரல் நுனியின் நுண்ணிய நாளங்களில் இரத்தம் ஏறத்தாழச் சீராகவே ஓடுகிறது. இடைவெளியை நிரப்புவது பெருந்தமனி. இதயம் சுருங்கும்போது அது விரிந்து, வந்த இரத்தத்தின் ஒரு பகுதியைத் தன்னுள் தாங்கிக்கொள்கிறது. இதயம் ஓய்வெடுக்கும்போது மெல்லச் சுருங்கி, தாங்கியதை முன்னோக்கித் தள்ளுகிறது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, இரத்தம் எட்டடிக்கு மேல் உயர்வதைக் கண்டார். 1733-இல் வெளியான தமது நூலில் தமனியின் இப்பணியைத் தீயணைப்பு எக்கியின் காற்றறைக்கு ஒப்பிட்டார் அவர். விட்டு விட்டு அடிக்கப்படும் நீரை அந்தக் காற்றறைதான் இடையறாத தாரையாக்குகிறது.

தமனிச் சுவருக்கு இம்மீள்தன்மையை அளிப்பது எலாஸ்டின் என்னும் புரதம். கருவிலும் இளங்குழந்தைப் பருவத்திலும் உருவாகும் இந்த இழைகளை உடல் பின்னர்ப் போதிய அளவில் புதுப்பிப்பதில்லை. ஆண்டுக்கு மூன்று கோடிக்கு மேற்பட்ட துடிப்புகளைத் தாங்கித் தாங்கி அவை தளர்ந்து முறிகின்றன. சுமை கொலாஜன் என்னும் விறைப்பான இழைகளின் மீது விழுகிறது. பசுமைக்குடிலில் ஆண்டுக்கணக்கில் வெயில் பட்ட ரப்பர்க் குழாய் நெகிழ்வை இழந்து விறைப்பதைப் போன்றதே இது. இயல்பான முதுமையில் மெதுவாக நிகழும் இம்மாற்றத்தைச் சர்க்கரை நோய், புகையிலை, சிறுநீரக நோய், மிகுதியான உப்பு, கட்டுப்படுத்தப்படாத இரத்த அழுத்தம் ஆகியவை விரைவுபடுத்துகின்றன. அழுத்தம் தமனியை இறுக்குகிறது. இறுகிய தமனி அழுத்தத்தை மேலும் ஏற்றுகிறது. இந்நச்சுச் சுழலை இடையில் அறுப்பதே மருத்துவத்தின் நோக்கம்.

இறுக்கம் கூடும்போது நாடி அலையின் வேகமும் கூடுகிறது. இளமையில் பெருந்தமனியில் அலை நொடிக்கு ஐந்தாறு மீட்டர் செல்கிறது. முதுமையில் பத்து மீட்டரையும் கடக்கக்கூடும். கழுத்திலும் தொடை இடுக்கிலும் நாடியைப் பதிவு செய்து இவ்வேகத்தைக் கணக்கிடுகின்றனர். நொடிக்கு 10 மீட்டருக்கு மேற்பட்டால் அதனை ஓர் எச்சரிக்கையாகக் கொள்கின்றனர். விரைந்து சென்ற அலை கிளைகளில் மோதி விரைந்தே திரும்பி, இதயம் இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும்போதே வந்து எதிர்கொள்கிறது. மேல் அளவு உயர்கிறது. இதயம் கூடுதலாக உழைத்துத் தடிக்கிறது. இதயத் தசைக்கு இரத்தம் பாயும் ஓய்வு நேரத்திலோ அழுத்தம் தாழ்கிறது. தணிக்கப்படாத துடிப்பு மூளை, சிறுநீரகம் ஆகியவற்றின் நுண்ணிய நாளங்களை நேரடியாகத் தாக்குகிறது.

விரல் நுனியிலிருந்து கருவி வரை

நாளச் சுவரின் இறுக்கம் நோயறிய உதவும் என்ற கருத்து புதியதன்று. இப்னு ஸீனா (980–1037) தமது 'அல்கானூன்' நூலில் நாடியை ஆராயப் பத்து இயல்புகளை வகுத்தார். விரிவின் அளவு, துடிப்பின் வலிமை, வேகம், ஒழுங்கு முதலியவற்றோடு நாளத்தின் மென்மையும் கடினமும் அவற்றுள் ஒன்று. இதயத்திலிருந்து தம் சுவர் வழியே வரும் ஆற்றலால் நாளங்கள் விரிந்து சுருங்குகின்றன என்ற கிரேக்க மருத்துவர் காலனின் கொள்கையே அவருக்கும் அடிப்படையாக இருந்தது. அது பிற்காலத்தில் கைவிடப்பட்டது. எனினும் விரலுக்குக் கீழே நாளம் இளகியிருக்கிறதா, விறைத்திருக்கிறதா என்று கேட்ட அக்கேள்வி இன்றும் உயிருடன் இருக்கிறது. விளக்கம் மாறலாம், நேர்மையான கவனிப்பு நிலைத்து நிற்கும்.

விரலின் உணர்வைத் தாளில் கோடாக்கும் கருவி பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவாயிற்று. அதனைச் செப்பனிட்டுப் பயன்படுத்தியவருள் தலைசிறந்தவர் ஃபிரெடரிக் அக்பர் மஹோமெட் (1849–1884). பாட்னாவில் பிறந்து அயர்லாந்தில் குடியேறி, 1794-இல் தமது பயண நூலை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஷேக் தீன் முஹம்மதின் பெயரர் இவர். பாட்டனார் அயர்லாந்துப் பெண்ணை மணந்து கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியவர். குடும்பப் பெயர் மட்டும் தலைமுறை கடந்து நின்றது. இலண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய பெயரர், நாடியின் வரைகோடுகளை ஆராய்ந்து, அக்கால மருத்துவத்துக்கு விந்தையான ஒன்றைக் கண்டார். சிறுநீரக நோயின் அடையாளமே இல்லாத, நலமுடன் நடமாடுகின்ற மனிதர்களிடமும் நாடி உயரழுத்தத்தைக் காட்டியது. உயரழுத்தம் சிறுநீரக நோயின் பின்விளைவு என்று கருதப்பட்ட காலம் அது. அழுத்தமே முந்தி வரக்கூடும், அது பல ஆண்டுகள் மறைந்திருந்து கேடு செய்யும் என்ற இன்றைய புரிதலின் வித்து அவருடைய ஆய்வில் இருந்தது. டைஃபாய்டு காய்ச்சலால் 35 வயதில் அவர் மறைந்தார். கையில் சுற்றும் பட்டையை இத்தாலியர் ரிவா ரோச்சி அமைத்தது 1896-இல். ஒலியைக் கேட்டு மேல், கீழ் அளவுகளைக் குறிக்கும் முறையை ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் அறிவித்தது 1905-இல்.

'வயதோடு நூறு' என்னும் மயக்கம்

மேல் அளவு வயதோடு நூறைக் கூட்டிய எண்ணாக இருந்தால் கவலை இல்லை என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் உண்டு. ஒருகாலத்தில் மருத்துவர்களும் அவ்வாறே எண்ணினர். ஐம்பது, அறுபது வயதுக்குப் பின் மேல் அளவு ஏறிக்கொண்டே போக, கீழ் அளவு இறங்கத் தொடங்குவதை முதுமையின் இயல்பு என்று விட்டுவிட்டனர். அந்த இடைவெளி இறுகிய தமனியின் கையொப்பம். 1991-இல் அமெரிக்காவில் வெளியான பேராய்வு இம்மயக்கத்தைக் கலைத்தது. மேல் அளவு மட்டுமே உயர்ந்திருந்த, 60 வயதைக் கடந்த 4,736 பேரை ஆராய்ந்தபோது, மருந்து பெற்றவர்களிடையே பக்கவாதம் 36 விழுக்காடு குறைந்தது. நாடி அலையை அளக்கும் கருவி நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இல்லாதிருக்கலாம். மேல் அளவிலிருந்து கீழ் அளவைக் கழித்துப் பார்க்க எவராலும் இயலும். முதியவரிடம் அவ்வேறுபாடு 60-ஐத் தொட்டால் தமனி இறுகியிருக்கிறது என்று ஐயுற இடமுண்டு.

ஏழும் பதினேழும்

2020-இல் தமிழகத்தில் நடத்தப்பட்ட கணக்கெடுப்பு ஒரு கசப்பான உண்மையை வெளிக்கொணர்ந்தது. மிகை இரத்த அழுத்தம் உடையவர்களுள் 7.3 விழுக்காட்டினருக்கே அது கட்டுக்குள் இருந்தது. வீடு தேடிச் சென்ற திட்டம் நடைமுறைக்கு வந்தபின், 2023–24-இல் எடுக்கப்பட்ட இரண்டாம் கணக்கெடுப்பில் அது ஏறத்தாழ 17 விழுக்காடாயிற்று. திட்டத்துக்கு 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் கிட்டியது. இரு மடங்குக்கு மேற்பட்ட இம்முன்னேற்றம் பாராட்டத்தக்கது. ஆனால் நூற்றில் எண்பத்து மூன்று பேர் இன்னும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்பதையும் அதே எண் சொல்கிறது.

மருந்து கிடைக்காமை மட்டும் இதற்குக் காரணமன்று. மாத்திரையால் அளவு இறங்கியதும் 'குணமாகிவிட்டது' என்று நிறுத்திவிடுவோர் ஏராளம். இறங்கியது எண்ணே தவிர, இறுகிய சுவர் இளமைக்குத் திரும்பிவிடவில்லை. நிறுத்தினால் அழுத்தம் மீண்டும் ஏறும். உப்பு இன்னொரு காரணம். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உண்ணுமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சென்னையில் நடந்த ஓர் ஆய்வு 2007-இல் கண்ட சராசரி அளவோ 8.5 கிராம். ராகிக் களியில் குறையில்லை. உடன் வரும் ஊறுகாய், கருவாடு, அப்பளம், கடைத் தின்பண்டங்கள் ஆகியவற்றில்தான் உப்பு ஒளிந்திருக்கிறது.

ரமளான் நோன்பைப் பற்றியும் இங்கு ஒரு சொல் தேவை. இலண்டன் பள்ளிவாசல்களில் நோன்பாளிகளைச் சேர்த்து நடத்திய ஓர் ஆய்வு 2021-இல் வெளியாயிற்று. நோன்புக்குப்பின் மேல் அளவு சராசரியாக 7 மி.மீ. அளவும் கீழ் அளவு 3 மி.மீ. அளவும் குறைந்திருப்பதை அது கண்டது. இது நற்செய்தி; மாத்திரையை நிறுத்துவதற்கான அனுமதியன்று. நாளுக்கு ஒருமுறை உட்கொள்ளும் மருந்தைப் பெரும்பாலும் ஸஹர் அல்லது நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். எந்த மருந்தை எவ்வாறு மாற்றுவது என்பதை ரமளானுக்குச் சில வாரங்கள் முன்னரே மருத்துவரிடம் கேட்டுத் தெளிவதே முறை.

எஞ்சியிருக்கும் பெரிய இடைவெளி உழைக்கும் வயதினருடையது. பகலில் வீடு தேடி வரும் தன்னார்வலர் முதியவர்களையும் இல்லத்தரசிகளையும் எளிதில் காண்கிறார். எல்லை கடந்து முறைப்பணிக்குச் சென்றவரை, இரவுப்பணி முடித்து உறங்குபவரைக் காண்பதில்லை. இதனை உணர்ந்தே 2024-இல் திட்டம் தொழிற்சாலைகளுக்குள்ளும் கொண்டு செல்லப்பட்டது. ஆனால் சிறு பட்டறைகளிலும் பூந்தோட்டங்களிலும் ஒப்பந்த வேலைகளிலும் இருப்போர் இவ்வலைக்கும் வெளியே நிற்கின்றனர். இவர்களை ஒரே இடத்தில் காணக்கூடிய நேரங்கள் சில உண்டு. ஜும்ஆ அவற்றுள் ஒன்று, சந்தை நாள் மற்றொன்று. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிவாசல் முகப்பில் ஒரு மேசையும் கருவியும் பயிற்சி பெற்ற ஒருவரும் இருக்க ஜமாஅத் ஏற்பாடு செய்வது பெருஞ்செலவன்று. ஐந்து நிமிடம் அமைதியாக அமரச் செய்து, கையை இதய மட்டத்தில் வைத்து, இருமுறை அளந்து, அளவைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். எண் 140/90-ஐத் தொட்டவரைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்புவதும், அடுத்த மாதம் 'மாத்திரை தொடர்கிறதா?' என்று பெயர் சொல்லிக் கேட்பதும் அதைவிட முக்கியம். தன் நோயைத் தானே அறியாத மனிதரை ஊர்தான் கேட்டறிய வேண்டும்.