குடியும் குருதியும்

நெசவுக்குப் பெயர்பெற்ற அனகாபுத்தூரில் வாழும் என் பழைய மாணவன் ஒருவன் அண்மையில் என்னிடம் வந்தான். "ஐயா, என் தகப்பனார் குடித்தே மாண்டார். எனக்கும் அது குருதியில் ஊறியதுதானா?" என்று வினவினான்.

1954-ஆம் ஆண்டில் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓல்ட்ஸ், மில்னர் என்னும் இருவர், எலியின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பியைச் செலுத்தினர். நெம்புகோலை அழுத்தினால் மின்சாரம் பாயும். எலியோ அதனை ஓயாது அழுத்திற்று! இன்பம் நாடும் அத்தகைய பகுதி நமக்கும் உண்டு. அங்கே டோபமின் என்னும் பொருள் தொழிற்படுகிறது. மது அதனைப் பெருக்குகிறது.

1990-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், டோபமினோடு தொடர்புடைய ஒரு மரபணு வேறுபாடு குடிநோயாளரிடம் மிகுந்திருப்பதாக அறிவித்தனர். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். பின்வந்த ஆய்வுகள் பல அதனை உறுதிசெய்யவில்லை. ஒன்றன்று, பல மரபணுக்கள். ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. கிழக்காசியரிற் பலருக்குள்ள ஒரு வேறுபாடோ, குடித்தவுடன் முகத்தைச் சிவக்கவைத்துக் குடிநோயினின்று காக்கவும் செய்கிறது.

மக்களிடையே குடிநோய்க்கு ஆளாகும் இயல்பிற் காணும் வேற்றுமையில் ஏறக்குறையப் பாதியே மரபைச் சார்ந்தது என்பது இரட்டையர் ஆய்வுகளின் முடிவு. ஆகவே, "உன் விதி எழுதப்படவில்லை, ஆயினும் முதற்கோப்பை பிறரைவிட உனக்கு ஆபத்தானது" என்றேன். சென்னையில் 1980-இல் தொடங்கப்பெற்ற டி. டி. ரங்கநாதன் நிலையத்தைப் பற்றியும் கூறினேன்.

குறித்துக்கொண்டான். தனக்கன்று, தம்பிக்கு என்றான்.