டிவைசஸ் நகரின் படிக்கட்டுக் கால்வாய்

இங்கிலாந்தின் தென்பகுதியில் வில்ட்ஷையர் மாவட்டத்தில் டிவைசஸ் என்ற சிறிய சந்தை நகர் உள்ளது. மேட்டின் மீது அமைந்த இந்நகருக்குள் ஒரு கால்வாய் மேற்கிலிருந்து ஏறி வருகிறது. இரண்டு மைல் தூரத்தில் 237 அடி உயரம்! இது பாசனக் கால்வாய் அன்று. சரக்குப் படகுகள் செல்ல வெட்டப்பட்ட கென்னட்-ஏவன் கால்வாய். ஆயினும் மேட்டுக்கு நீர் ஏற்றுவது, கசிவை அடைப்பது ஆகிய இரண்டு பிரச்னைகளும் விவசாயிகளுக்குப் பழக்கமானவையே.

லண்டன் செல்லும் தேம்ஸ் நதியையும் பிரிஸ்டல் துறைமுகத்தையும் உள்நாட்டு நீர்வழியால் இணைப்பதே நோக்கம். கிழக்கே கென்னட் ஆறு 1723லும், மேற்கே ஏவன் ஆறு 1727லும் படகு செல்லத் தக்கவாறு சீரமைக்கப்பட்டிருந்தன. இடைப்பட்ட மேட்டு நிலத்தில் கால்வாய் வெட்ட 1794ல் சட்டம் நிறைவேறியது. ஜான் ரென்னி என்பவர் பொறியாளர். டிவைசஸ் ஏற்றமே கடைசியாக 1810ல் முடிந்தது. அதுவரை அந்த இரண்டு மைலுக்கும் சரக்கை இறக்கி, குதிரை இழுக்கும் தண்டவாள வண்டிகளில் ஏற்றிச் சென்றனர்.

ஏற்றத்தில் 29 ‘லாக்’குகள் உள்ளன. லாக் என்பது இரு முனையிலும் கதவு வைத்த தொட்டி. படகு கீழ்க்கதவு வழியாக உள்ளே வந்ததும் அதை மூடி, மேலிருந்து நீரைத் திறந்து விடுவார்கள். நீர் உயர, படகும் சுமார் எட்டடி உயரும். பிறகு மேல்கதவைத் திறந்தால் அடுத்த தொட்டிக்குப் போகலாம். கேன் ஹில் என்ற சரிவில் 16 தொட்டிகள் ஒரே வரிசையில் நெருக்கமாக உள்ளன. இரு தொட்டிகளுக்கு இடையே கால்வாயின் நீளம் மிகக் குறைவு. ஒரு தொட்டியை நிரப்பினாலே மேல்வாய்க்கால் வற்றிவிடும். எனவே ஒவ்வொன்றுக்கும் பக்கவாட்டில் ஒரு குளம் வெட்டி நீரைச் சேமித்தனர். தொட்டிகளுக்கான செங்கல்லையும் அருகிலேயே சூளை வைத்துச் சுட்டனர்.

ஒரு தொட்டிக்குச் சுமார் இரண்டரை லட்சம் லிட்டர் நீர் வேண்டும். படகு ஒன்று மேட்டைக் கடக்கும்போது உச்சியிலிருந்து இருபுறமும் நீர் கீழே இறங்கி விடுகிறது. நீண்ட சுரங்கம் தோண்டியிருந்தால் உச்சி மட்டம் தாழ்வாக அமைந்து, நீரும் எளிதில் வந்திருக்கும். ஆனால் செலவுக்கு அஞ்சிச் சுரங்கத்தைக் குறுக்கி, உச்சியை உயர்த்தினார்கள். வெட்டும் செலவு மிச்சமானது. இறைக்கும் செலவோ ஒவ்வோர் ஆண்டும் தொடர்ந்தது. கிராஃப்டன் என்ற இடத்தில் நீராவி இன்ஜின் வைத்து, நாற்பது அடி உயரத்துக்கு நீரை இறைத்தனர். அங்குள்ள 1812ஆம் ஆண்டு இன்ஜின் இன்றும் ஓடும் நிலையில் உள்ளது. பாத் நகருக்கு அருகே கிளாவர்டனில் 1813ல் அமைத்த பம்பு அதைவிடச் சிக்கனமானது. ஏவன் ஆற்றின் ஓட்டமே சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் பம்பை இயக்கி, ஆற்று நீரில் ஒரு பகுதியை 48 அடி மேலே ஏற்றும். நிலக்கரிச் செலவே இல்லை.

கசிவைத் தடுக்கக் களிமண் பூசினார்கள். களியை நீர்விட்டுக் கொத்தி, காலால் மிதித்துப் பிசைந்து, கரையிலும் அடியிலும் அடுக்கடுக்காகப் போட்டார்கள். நெல் வயலில் சேறு மிதித்தால் நீர் கீழே இறங்குவது குறைகிறதே, அதே முறைதான். களி காய்ந்தால் வெடிக்கும். ஆகவே கால்வாயை நெடுநாள் வறள விடக்கூடாது. பாத் நகருக்குக் கிழக்கே மலைச்சரிவில் ஓடும் பகுதியில் இந்தப் பூச்சும் போதவில்லை. கசிவும் கரைச்சரிவும் கடைசிவரை ஓயவில்லை.

கால்வாயில் பெரிதும் சென்றது சாமர்செட் நிலக்கரி. 1841ல் லண்டன்-பிரிஸ்டல் ரயில் பாதை முழுவதும் திறக்கப்பட்டதும் வருமானம் சரிந்தது. 1852ல் அதே ரயில் கம்பெனியே கால்வாயை எடுத்துக்கொண்டது. போட்டியாளர் கையில் போன கால்வாய்க்குப் பராமரிப்பு எவ்வளவு கிடைத்திருக்கும்? கேன் ஹில் ஏற்றத்தில் கடைசியாகச் சென்ற சரக்கு, 1948ல் ஒரு படகுத் தானியம். பிறகு கதவுகள் உளுத்தன, தொட்டிகளில் புதர் மண்டியது. அரசு கால்வாயைக் கைவிடும் முயற்சியில் இறங்கியபோது, கரையோர மக்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தனர். 1962ல் ஓர் அறக்கட்டளை அமைந்தது. தொண்டர்கள் ஆண்டுக்கணக்கில் தூர் வாரினர். கசியும் பகுதிக்குப் பிளாஸ்டிக் விரிப்பும் கான்கிரீட்டும் இடப்பட்டன. 1990ல் எலிசபெத் ராணி கால்வாயை மீண்டும் திறந்து வைத்தார்.

நீர்த்தட்டுப்பாடு மட்டும் தீரவில்லை. 1996ல் டிவைசஸ் ஏற்றத்தின் அடியில் பம்பு நிறுவினர். இறங்கி வந்த நீரையே நாளொன்றுக்கு 3 கோடியே 20 லட்சம் லிட்டர் வரை அது உச்சிக்குத் திருப்பி அனுப்ப வல்லது. அதாவது 11 நிமிடத்துக்கு ஒரு தொட்டி நீர்.