காளி வேடம்: கிரீடமும் கூடுதல் கைகளும்
குலசேகரன்பட்டினம் தசரா. தகடு, மரம், ஜிகினா, துணி.

முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் குரங்கு, குறத்தி, போலீஸ் என எந்த வேடமும் போடலாம். காளி வேடத்துக்கு மட்டும் விரதம் கடுமை. கொடியேறியதும் காப்புக் கட்டி, வேடத்தோடு ஊர் ஊராகக் காணிக்கை வாங்குவார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம்.

கிரீடத்தை உற்றுப் பாருங்கள். எங்கோ பார்த்த ஜாடை தெரியும். கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976) தீட்டிய தெய்வங்களைச் சிவகாசி அச்சகங்கள் காலண்டர்களாக வீட்டுச் சுவர்களுக்கு அனுப்பின. வேடம் கட்டுபவர் மனதிலிருப்பதும் அந்தக் காலண்டர் அம்மன்தான் என்பது எங்கள் ஊகம்.

முதுகில் கட்டும் இந்தக் கைகள் அசைவதில்லை. இவற்றோடு பேருந்தில் ஏறுவதுதான் பெரும்பாடு.