வெளிச்சத்துக்குப் பூட்டுப் போடலாமா?

எங்கள் புளத்கொகுபிட்டியவிலும் கையடக்கத் தொலைபேசியால் இயக்கும் மின்குமிழ் கேட்டு வருகிறார்கள். இவற்றின் செயலிகளில் சில வசதிகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. கட்டணம் கேட்பது தவறல்ல. எதற்குக் கேட்கிறோம் என்பதே விடயம்.

2020 மே மாதம் அமெரிக்காவின் விங்க் நிறுவனம், அதுவரை இலவசமாயிருந்த சேவைக்கு மாதம் 4.99 டொலர் கேட்டது. அவகாசம் ஒரு வாரம். பாவனையாளர்கள் கொதித்தெழ, தவணையைத் தள்ளிப்போட்டது.

நல்ல செயலியின் திரை நல்ல கடையின் முகப்பு மாதிரி. ஏற்றுவதும் அணைப்பதும் முதல் திரையில், கட்டணமின்றி இருக்க வேண்டும். வர்ண அலங்காரங்களுக்கு விலை வைக்கலாம். விலையும் சந்தாவை நிறுத்தும் வழியும் அங்கேயே தெரிய வேண்டும்.

வியாபாரிகளே, சரக்கு எடுக்குமுன் செயலியைத் திறந்து பாருங்கள். கட்டணம் இருந்தால் விற்குமுன் சொல்லிவிடுங்கள். மறைத்து விற்றதில் பரக்கத் இல்லை.