சென்னையில் இரு தசாப்தங்களுக்கு மேல்: ஹரி பக் என்ற கல்லூரிப் பயிற்றுநர்

அமெரிக்கக் கல்லூரிகளில் லக்ரோஸ் என்றொரு ஆட்டம் உண்டு. நுனியில் சிறு வலை கட்டிய கோலால் இறப்பர்ப் பந்தை ஏந்தி ஓடி, எறிந்து, எதிரணியின் இலக்குக் கம்பங்களுக்குள் போட வேண்டும். வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஆட்டம் அது. 1904, 1908 ஒலிம்பிக் விழாக்களில் பதக்கம் கொடுத்தார்கள். 2028இல் லொஸ் ஏஞ்சல்ஸில் திரும்பவும் வருகிறது. சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணிக்கு 1931 முதல் 1970 வரை பயிற்றுநராக இருந்தவர் றோய் சிமன்ஸ். அவருக்குப் பின் அவருடைய மகன் 1998 வரை. தகப்பனும் மகனுமாக ஏறக்குறைய ஏழு தசாப்தம், ஒரே அணியோடு.

இவ்வளவு காலம் ஒருவரை ஏன் வைத்திருக்கிறார்கள்? கல்லூரி அணியில் எந்த வீரனும் நிலைப்பதில்லை. நாலு வருடத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவான். போன வருடம் எங்கே பிழைவிட்டோம், எந்தப் பிள்ளைக்கு எந்தக் காலில் பலவீனம், மழைக்காலத்தில் பயிற்சியை எப்படி மாற்றினோம் என்பதெல்லாம் பயிற்றுநரின் தலைக்குள்தான் இருக்கும். அவரும் போய்விட்டால் கல்லூரி முதலாம் பாடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் லக்ரோஸ் ஆடுவார் இல்லை. ஆனால் அமெரிக்கக் கல்லூரிப் பயிற்றுநர் என்ற அந்த மரபு எங்கள் பக்கத்துக்கு நூறு வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது. கொண்டு வந்தவர்களில் முதன்மையானவர் சென்னையில் பணியாற்றிய ஹரி குரோ பக்.

பக் 1884இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். மசசூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்பிறிங்ஃபீல்ட் நகரில் வை.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிக் கல்லூரியில் படித்தார். இன்று எங்கள் பள்ளிக்கூட முற்றங்களில் ஆடப்படும் இரண்டு ஆட்டங்களின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1891 மார்கழிக் குளிரில், வெளியே ஆட முடியாத மாணவர்களை உள்ளே வைத்து ஆட்டுவிக்கும் பொறுப்பு ஜேம்ஸ் நைஸ்மித்தின் தலையில் விழுந்தது. கனடாக்காரரான அவர் நல்ல லக்ரோஸ் ஆட்டக்காரர். உதைபந்தையும் லக்ரோஸையும் மண்டபத்துக்குள் ஆட வைத்துப் பார்த்தார், சரிவரவில்லை. அதன் பிறகுதான் கூடைப்பந்து பிறந்தது. அதே கல்லூரியில் படித்த வில்லியம் மோர்கன் 1895இல் கரப்பந்தாட்டத்தை உருவாக்கினார். கொழும்பு வை.எம்.சி.ஏ.யின் உடற்கல்வி இயக்குநர் றொபேட் வோல்ற்றர் கமக் அதை 1916இல் இலங்கைக்குக் கொண்டுவந்தார். இன்று கரப்பந்துதான் நாட்டின் தேசிய விளையாட்டு. ஊர்ச் சனசமூக நிலையத்துக் காணியில் மாலையில் வலை கட்டுகிற இளைஞர்களும் அந்த வழியில் வந்தவர்கள்தான்.

நைஸ்மித்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கான்சஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்கு அவர் பயிற்றுநராக இருந்த காலத்தில் 55 வெற்றி, 60 தோல்வி. அந்தப் பல்கலைக்கழக அணியின் பயிற்றுநர்களில் வென்றதைவிடத் தோற்றது கூடிய ஒரே ஆள், அந்த ஆட்டத்தையே உருவாக்கியவர். ஆனால் அவரிடம் படித்த ஃபோக் அலன் அதே அணியை 39 பருவங்கள் வழிநடத்தி அமெரிக்கக் கூடைப்பந்தின் பெரும்புள்ளியானார். வெற்றிக் கணக்கை மட்டும் பார்த்தால் நைஸ்மித் விட்டுச் சென்றது கண்ணில் படாது. பக்கையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1919இல் பக் சென்னைக்கு வந்தபோது, பள்ளிக்கூடங்களில் உடற்பயிற்சி என்றால் பெரும்பாலும் படையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் போடும் ‘டிரில்’தான். பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள், கட்டளைக்குக் கையைத் தூக்கி இறக்குவார்கள், மணி அடித்ததும் கலைவார்கள். ஆட்டம் கற்பிக்கத் தெரிந்த, பிள்ளையின் உடலை அறிந்த ஆசிரியர்கள் கிடைக்கவில்லை. வேறொருவராக இருந்தால் ஒரு கல்லூரி அணியைப் பொறுப்பெடுத்துக் கிண்ணங்கள் வென்று பேர் வாங்கியிருப்பார். பக் பயிற்றுநர்களைப் பயிற்றுவிக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். 1920இல் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு வை.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளி தொடங்கியது. ஆசியாவிலேயே இந்த வகையில் முதலாவது என்று அதைச் சொல்வதுண்டு.

பக்கின் பள்ளி பிறகு அடையாற்றங்கரையில் சைதாப்பேட்டை வளாகத்துக்கு மாறிக் கல்லூரியானது. இன்று அந்த இடத்தை நந்தனம் என்கிறார்கள். மேற்கத்தைய ஆட்டங்களை அப்படியே இறக்குமதி செய்து அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. தண்டால், பஸ்கி போன்ற உள்ளூர் உடற்பயிற்சிகளும் கபடி போன்ற ஆட்டங்களும் பாடத்துக்குள் வந்தன. இதை நான் சிறிய விடயமாக எண்ணவில்லை. கிளித்தட்டு ஆடி வளர்ந்த பிள்ளைக்குக் கோடு காப்பதும் உடம்பை வளைத்துத் தப்புவதும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வரும். அந்த அறிவைப் படிப்பறியாதவர்களின் பொழுதுபோக்கென்று ஒதுக்காமல் வகுப்பறைக்குள் எடுத்த வெளிநாட்டவர் அந்தக் காலத்தில் குறைவு. ஆட்டங்களின் விதிகளைத் தொகுத்து அவர் போட்ட கையேடு, அவர் காலத்துக்குப் பிறகும் புதுப்பித்துப் புதுப்பித்து அச்சிடப்பட்டது. அச்சிட்ட விதி கையில் இருந்தால் மத்தியஸ்தரின் ஊரைப் பார்த்து யாரும் சண்டைக்கு வர முடியாது.

1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்தியா மெய்வல்லுநர் அணியை அனுப்பியபோது, அதன் முகாமையாளராகப் போனவர் பக். சென்னையில் மருத்துவம் படித்த சி. கே. லக்ஷ்மணன் 110 மீற்றர் தடை தாண்டலில் ஓடினார். பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. திரும்பி வந்த பக் பழையபடி மாணவர்களைத் தயாரிக்கும் வேலையில் இறங்கினார். 1943இல் சென்னையிலேயே காலமாகும்வரை அந்தக் கல்லூரியை விட்டு அவர் போகவில்லை.

அங்கே படிக்க இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். பக்கின் மாணவர் பி. எம். ஜோசப், 1957இல் குவாலியரில் இந்திய அரசு தொடங்கிய லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரியின் முதல் அதிபரானார். ஆசிரியரை உருவாக்கினால் அவர் இன்னொரு நூறு ஆசிரியரை உருவாக்குவார் என்ற கணக்கு இப்படித்தான் பலித்தது.

இனி எங்கள் பக்கம், யாழ்ப்பாணம். இங்கே திறமைக்குக் குறைவில்லை. யாழ். மத்திய கல்லூரி மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 17 வயதில் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தார். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கையின் முதல் ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்தார். அண்மைக் காலத்தில் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் பயின்ற அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனைகளை ஒன்றன்பின் ஒன்றாக முறியடித்தார். கோலூன்றிப் பாய்தல் ஆறு மாதத்தில் படிக்கிற வித்தை இல்லை. ஓட்டத்தில் அடி எண்ணிக்கை சரிவர வேண்டும், கோலைப் பெட்டிக்குள் ஊன்றும் பயம் தெளிய வேண்டும், பிள்ளையின் நிறை கூடக்கூடக் கோலையும் மாற்ற வேண்டும். பதின்மூன்று வயதில் தொடங்கினால், இருபது வயதுப் பிரிவுவரை அதே கண் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூடங்களில் நடப்பது வேறு. தை, மாசி இல்ல விளையாட்டுப் போட்டியோடு அவசரம் முடிந்துவிடும். கோட்டம், வலயம் தாண்டி மாகாண மட்டத்துக்குப் பிள்ளை தயாராகிற நேரத்தில் உடற்கல்வி ஆசிரியருக்கு இடமாற்றக் கடிதம் வரும். வருகிற புது ஆசிரியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முதல் ஆண்டு பிள்ளைகளை அறியவே போய்விடும். ஆசிரிய இடமாற்றத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு. கஷ்டப் பிரதேசப் பள்ளிக்கூடங்களுக்கும் ஆசிரியர் வேண்டும். ஆனால் பயிற்சிக் குறிப்பேடு ஒன்றை, ஒவ்வொரு பிள்ளையின் அளவுகளோடும் காயங்களோடும், பழைய ஆசிரியர் புதியவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று வலயக் கல்வி அலுவலகங்கள் ஒரு விதியாவது வைக்கலாம். அதற்கு ஒரு கொப்பி போதும்.