ஆட்டோமேட்டிக் கார் வாங்கப் போறீங்களா? உள்ளே எந்த கியர்பாக்ஸ்னு கேட்டீங்களா?

சிக்னலுக்கு சிக்னல் கிளட்ச் மிதித்து கால் வலிக்கிறது என்றுதான் பலரும் ஆட்டோமேட்டிக் காருக்கு மாறுகிறார்கள். ஆனால், ஷோரூமில் 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பெயரில் நான்கு வகை கியர்பாக்ஸ்கள் விற்பனையாகின்றன. விலை, மைலேஜ், மலையேறும் விதம், ரிப்பேர் செலவு எல்லாம் வகைக்கு வகை மாறும்.

கியர் எதற்கு?

நிற்கும் காரை நகர்த்த இழுவை அதிகம் வேண்டும். வேகம் பிடித்த பிறகு அவ்வளவு தேவையில்லை. இதற்கேற்ப இன்ஜின் சக்தியை மாற்றித் தருவதுதான் கியர்பாக்ஸ். மேனுவல் காரில் கியர் மாற்றும் நேரத்தில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பிரித்து வைப்பது கிளட்ச்.

ஏ.எம்.டி

உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் அமுக்குவதையும் கியர் மாற்றுவதையும் கம்ப்யூட்டர் சொல்படி ஒரு கருவி செய்கிறது. 2014-ல் மாருதி செலேரியோ மூலம் இந்தியாவுக்கு வந்தது. விலை குறைவு; மைலேஜ் மேனுவலை ஒட்டியே கிடைக்கும். கியர் மாறும்போது லேசான குலுங்கல் தெரியும்.

சி.வி.டி

இதில் ஒன்று, இரண்டு என்று தனித்தனி கியர்களே கிடையாது. இரண்டு புல்லிகள், நடுவே ஒரு பெல்ட். புல்லிகள் விரிந்தும் நெருங்கியும் வேகத்தை மாற்றும். உங்கள் வீட்டு ஸ்கூட்டரிலும் இதே டெக்னிக்தான். ஹோண்டா சிட்டியில் இந்த வகை உண்டு. குலுங்கலே இருக்காது. சட்டென்று ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் முதலில் சத்தம் ஏறும், பிறகுதான் வேகம் வரும்.

டார்க் கன்வெர்ட்டர்

இரண்டு ஃபேன்களை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால், அந்தக் காற்றில் மற்றொன்றும் சுற்றும். இங்கே காற்றுக்குப் பதில் ஆயில். இன்னோவா க்ரிஸ்டா ஆட்டோமேட்டிக்கில் இருந்தது இதுதான். மென்மையானது, பாரத்தைத் தாங்கும். விலை சற்று கூடுதல்.

டி.சி.டி

இரண்டு கிளட்ச்கள். ஒன்று 1, 3, 5-வது கியர்களுக்கு. இன்னொன்று 2, 4, 6-வது கியர்களுக்கு. அடுத்த கியர் முன்பே தயாராக இருப்பதால் கண் இமைக்கும் நேரத்தில் மாறும். ஹைவேயில் ஜாலி! ஆனால், ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் 'டிரை கிளட்ச்' வகை சூடாகலாம். பழுதானால் செலவும் அதிகம்.

மலைப்பாதையில் கவனம்!

* ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தி வண்டியைப் பிடித்து வைக்காதீர்கள். ஏ.எம்.டி, டி.சி.டி இரண்டிலும் கிளட்ச் சூடாகித் தேயும். பிரேக்கைப் பயன்படுத்துங்கள்.

* 'ஹில் ஹோல்டு' இல்லாத ஏ.எம்.டி கார், பிரேக்கை விட்டதும் பின்னால் நகரக்கூடும். ஹேண்ட்பிரேக் போட்டுக் கிளம்புங்கள்.

* இறக்கத்தில் நியூட்ரல் கூடவே கூடாது. மேனுவல் மோடில் குறைந்த கியருக்கோ, 'எல்' நிலைக்கோ மாறினால் இன்ஜினே வேகத்தை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கையே நம்பி இறங்கினால், அது சூடாகிப் பிடிப்பை இழந்துவிடும்.

* கார் முழுவதும் நின்ற பிறகே ரிவர்ஸுக்கோ பார்க்கிங்குக்கோ மாற்றுங்கள்.

எதை வாங்கலாம்?

பட்ஜெட்டும் மைலேஜும் முக்கியம் என்றால் ஏ.எம்.டி. தினமும் நகர நெரிசல் என்றால் சி.வி.டி. குடும்பத்தோடு, லக்கேஜோடு நீண்ட பயணம் என்றால் டார்க் கன்வெர்ட்டர். வேகப் பிரியர்களுக்கு டி.சி.டி.

டெஸ்ட் டிரைவை நேர் ரோட்டோடு முடிக்காதீர்கள். ஏற்றமான இடத்தில் நிறுத்தி, மீண்டும் கிளப்பிப் பாருங்கள். கியர்பாக்ஸுக்கு எத்தனை வருட வாரன்டி, ஆயில் எப்போது மாற்ற வேண்டும் என்பதையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்!